மலர்விழியின் ஒரிஜினல்

எங்கள் பள்ளி ஆபீசில் ஒரு பச்சை இரும்பு பீரோ இருக்கிறது. சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் எத்தனையோ தனியார் பள்ளிகள். இது எது என்று கேட்காதீர்கள், சொன்னால் என் வேலை போய்விடும். பீரோவுக்குள் முப்பத்தொரு ஆசிரியர்களின் ஃபைல்கள். பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது, டிகிரி, பி.எட்., சாதிச் சான்று, எல்லாம் ஒரிஜினல். வேலைக்குச் சேரும் அன்றே வாங்கி உள்ளே வைத்துவிடுவோம். ரசீது கிடையாது. கேட்டால், "நம்பிக்கை இல்லியாம்மா?" என்பார் தாளாளர். வருஷ நடுவில் நல்ல வேலை கிடைத்து யாரும் ஓடிவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அந்த பீரோவின் சாவி பதினாறு வருஷமாக என் இடுப்பில் இருக்கிறது. நான் கமலா, ஆபீஸ் கிளார்க். நான் சொல்ல வந்தது மலர்விழியின் கதை. சாவி என்னிடம் இருந்த பாவத்துக்கு நானும் அதில் வந்து தொலைகிறேன்.

மலர்விழியின் அப்பா முனியன் கரும்பு வெட்டுகிறவர். சீசன் வந்தால் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய் மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பார். அம்மா ஆயம்மாள் நடவு, களையெடுப்பு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவாள். கூரை வீடு. மழை வந்தால் எந்த மூலை ஒழுகும் என்று சொல்ல முடியாது. அதனால் மகள் படித்து வாங்கிய காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன் மலர்விழி எங்களிடம் சேர வந்தபோது ஆயம்மாளும் கூட வந்தாள். ஒரிஜினலைக் கொடு என்று கேட்டால் மற்றவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். இவர்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

"இரும்பு பீரோவாம்மா? எலி நொழையாதில்ல?" என்று கேட்டாள் ஆயம்மாள்.

"நொழையாதும்மா."

"அப்ப இங்கியே இருக்கட்டும். எங்க வூட்ல இத்த வெச்சிக்கினு எனுக்குத் தூக்கமே வர்றதில்ல."

நானும் ஏதோ தானதர்மம் செய்கிறவள் போல வாங்கி மூன்றாவது தட்டில் வைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மலர்விழி ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வியாழக்கிழமை கடைசி பீரியடில் பாடப் புத்தகத்தைத் தொடவே மாட்டாள். வாரம் ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டிலும் கடைவீதியிலும் யார் யார் அதை எப்படி எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்வாள். ஒரு வாரம் 'லைன்'. கரண்ட் லைன், ரேஷன் கடை லைன், ஃபோனில் லைன் கிடைக்காதது என்று ஆளுக்கொன்று சொல்ல, "எங்கக்காவுக்கு ஒருத்தன் லைன் உடறான் மிஸ்" என்று ஒருவன் எழுந்து சொன்னதில் பக்கத்து வகுப்பும் சேர்ந்து சிரித்தது. நம் ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எவன் சொன்னான், தெரியும் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்பாள். அவள் வகுப்பறை என் ஜன்னலுக்கு நேர் எதிரே. வியாழக்கிழமை என்றால் நான் கணக்கு வழக்கை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டு முறை அரசு ஆசிரியர் தேர்வில் கோட்டை விட்டவள், போன வருஷம் மூன்றாவது முறை தேறினாள். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஃபோனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"கமலாக்கா, வந்துடுச்சிக்கா! வெள்ளிக்கெழமயே கூப்ட்டுட்டாங்க!"

வெள்ளி காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்கள் அனைத்தும் கொண்டு வர வேண்டும். தவறினால் மறுவாய்ப்பு இல்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். என் கண் பீரோவுக்குப் போனது.

மறுநாள் தாளாளரிடம் போனாள். அவர் கத்துகிற ஆள் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"ரொம்ப சந்தோசம்மா. ஆனா நடு வருசத்துல நீ போய்ட்டா என் புள்ளைங்கள யாரு பாக்கறது? ஒண்ணு பண்ணு. உன் சப்ஜெக்ட்லயே ஒரு ஆளு கூட்டிக்கினு வா. அவங்க ஒரிஜினல் உள்ள வந்தா உன் ஒரிஜினல் வெளிய போவும். எனக்கு எண்ணிக்க கொறையக் கூடாது, அவ்ளோதான்."

அன்றும் மறுநாளும் மலர்விழி தன்னோடு பி.எட். படித்த அத்தனை பேருக்கும் ஃபோன் போட்டாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. மீதிப் பேருடைய ஒரிஜினல் வேறு வேறு பீரோக்களில் இருந்தது. தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கலாமா என்று விசாரித்தாள்; மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். புதன்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"ஒரே ஒரு நாளுக்கா. வெள்ளிக்கெழம எடுத்துக்கினு போயி, சாயங்காலமே கொண்டாந்து வெச்சிடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது."

பீரோவுக்கு மேலே இருக்கும் கேமராவைக் காட்டினேன். அதில் விழுவதெல்லாம் அவர் ஃபோனில் தெரியும்.

"என் புள்ள அஜித்குமாரு இங்க ஃபீஸ் இல்லாம படிக்கிறான்டி. பத்தாவது. நான் தொறந்து குடுத்தா நாளைக்கே அவன் கையில டீசியக் குடுத்துடுவாரு."

அவள் சட்டென்று குனிந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு முன்னால் அவ்வளவு நிமிர்ந்து நிற்கிறவள். "எங்கப்பா கைய நீங்க பாத்ததில்லக்கா. முழுசும் அருவா வெட்டு. இது போச்சின்னா நான் செத்துப்போயிடுவேன்க்கா" என்று அழுதாள். நானும் அழுதேன். அழுதேனே தவிர சாவியை எடுக்கவில்லை. என் கண்ணீருக்கு என்ன மரியாதை?

வியாழக்கிழமை அவள் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த சொல் 'ஒரிஜினல்'. கடைசி பீரியட் தொடங்கியபோது என் எதிரே ஒரு பெண் வந்து நின்றாள். மலர்விழியின் தங்கை பாரதி. அந்த வருஷம்தான் பி.எட். முடித்தவள், அதே இங்கிலீஷ். கையில் பிளாஸ்டிக் பை, அதிலிருந்து அரிசித் தவிடு உதிர்ந்தது.

"எங்கக்கா ராவெல்லாம் தூங்கலங்க. சுவத்தப் பாத்துக்கினே குந்தினு இருந்துச்சி. அந்த எடத்துக்கு நான் வரேன். எங்கக்காவுக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா உடாது."

"உனுக்கு எவ்ளோ வயசு?"

"இருவத்திமூணுங்க."

வெளியே போ என்று விரட்டியிருக்க வேண்டும். நான் அவளைத் தாளாளரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், நாளைக்கே வந்து சேர்ந்துகொள் என்றார். திரும்பி வந்து, பாரதி படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது எதிர் வகுப்பிலிருந்து குரல்கள் கேட்டன.

"கல்வராயன் மலையிலேர்ந்து தேன் விக்கிறவரு, ஒரிஜினல், வெல்லப்பாகு கலக்கலன்னு சத்தியம் பண்றாரு மிஸ்!"

"ஃபோன் கடையில, ஒரிஜினல் டிஸ்பிளே வோணுமா, கம்மி ரேட்டுது வோணுமான்னு கேக்கறாங்க மிஸ்!"

"நெலத்துப் பத்திரம் ஒரிஜினல் பேங்க்ல கெடக்குதுன்னு எங்க தாத்தா திட்டிக்கினே இருக்காரு மிஸ்!"

"குடிச்சாத்தான் எங்கப்பாவோட ஒரிஜினல் தெரியும்னு எங்கம்மா சொல்லும் மிஸ்!"

யாரும் சிரிக்கவில்லை. மலர்விழி கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனாள்: அசல், மூலம், நிஜம், கலப்படம் இல்லாதது, சொந்தமாக யோசித்தது. பிறகு திரும்பி, "ஒண்ண கவனிச்சீங்களா? எல்லாத்துக்கும் மொதல்ல இருந்ததும் ஒரிஜினல்தான். இதுக்கு முன்னாடி இல்லவே இல்லாத புதுசும் ஒரிஜினல்தான். ஒரே சொல்லு ரெண்டு பக்கமும் போவுது பாருங்க" என்றாள்.

ஒரு பெண் குழந்தை கேட்டது: "ஒரிஜினல் இல்லன்னா ஜெராக்ஸ் வெச்சி சமாளிக்கலாமா மிஸ்?"

மலர்விழி கரும்பலகையை அழிக்கத் தொடங்கினாள். இந்தப் பக்கம் பாரதி கையெழுத்தை முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "பத்தரமா இருக்குமில்லங்க?" என்றாள். இருக்கும் என்றேன். அவள் ஃபைலை மூன்றாவது தட்டில் வைத்துவிட்டு, அக்காவின் ஃபைலை வெளியே எடுத்தேன்.

சாயங்காலம் அதை மலர்விழியிடம் நீட்டி, "ஐயா மனசு மாறிட்டாரு" என்று கூசாமல் பொய் சொன்னேன். அவள் நம்பினாள். ஒவ்வொரு தாளையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தாளாளர் அறை பூட்டியிருந்தது. அந்தப் பூட்டிய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே அவள் பஸ் ஏறியிருக்கிறாள். அவள் போன பிறகு பாரதி குளித்துக் கிளம்பி, ஒன்பது மணிக்கு எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டாள். மூன்றரை மணி இருக்கும், மலர்விழி நேரே பஸ் ஸ்டாண்டிலிருந்து லட்டு டப்பாவோடு உள்ளே வந்தாள். "எல்லாம் கரெக்டா இருக்குதுன்னு டிக் போட்டுட்டாங்கக்கா!" என்று கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தவள், எதிர் வகுப்பைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள் நிற்கிற இடத்தில், அவள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, தங்கை நின்றிருந்தாள்.

அவள் உள்ளே போகவில்லை. என் மேஜைக்கு வந்து டப்பாவை வைத்தாள்.

"அவளுது எந்தத் தட்டுலக்கா இருக்குது?"

"மூணாவது."

"ஒரு தபா காட்டுங்க."

எனக்கு அப்போது ஒரு கேவலமான ஆசை வந்தது. திறந்து காட்டுவோம், இவள் பிடுங்கிக்கொண்டு ஓடட்டும். பிடுங்கியது இவள்தான் என்று கேமராவே சொல்லும். பாரதியும் தப்பிப்பாள், நானும் தப்பிப்பேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, தாளாளர் சொல்லாமல் பீரோவைத் திறந்தேன். திறந்ததோடு நகர்ந்தும் நின்றேன். எடுடி, எடுத்துக்கொண்டு ஓடு என்று மனசுக்குள் கத்தினேன்.

மலர்விழி தங்கையின் ஃபைலை எடுத்தாள். மேலே எழுதியிருந்த பெயரைப் படித்தாள். ஒரு நிமிஷம் மாரோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைப் பழையபடி அடுக்கில் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூலையையும் உள்ளே தள்ளினாள்.

"பூட்டிக்குங்கக்கா," என்றாள். "காணோம்னா ஒங்களத்தான் கேப்பாரு. உங்க புள்ள வேற இங்க படிக்குது."

பூட்டினேன்.