மருமகனுக்கு எதிரான கோஷம்

எண்பதுகளின் தொடக்கம், கல்முனை. நீர்ப்பாசன அலுவலகம், எங்கள் வாயில் கந்தோர். அதன் வாசலில் விவசாயிகள் ஒன்பது பேர், அவர்களைக் கூட்டிவந்த ஆதம் காக்கா (எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன்), பஸ்ஸைத் தவறவிட்ட நான்.

“வீ வோண்ட் வாட்டர்!” என்று கத்துகிறார்கள். பொலிஸ் வந்தால் என்னையும் ஏற்றிவிடுமோ என்று எனக்குப் பயம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், இங்கிலீஷ் புரியாது. காக்காவிடம் அர்த்தம் கேட்கிறேன்.

“தண்ணி வேணுமாம் தம்பி. வயலில வேளாண்மை கருகுது.”

“தமிழில கேட்டா என்ன காக்கா?”

“உள்ளுக்க இரிக்கிற இஞ்சினியர் என்ட மகள முடிச்சு எங்கட ஊட்டிலதான் இரிக்கார். மருமகனத் தமிழில ஏசேலுமா? இங்கிலீசெண்டா கந்தோர்ச் சண்டை. ஊட்டுக்கு வராது.”

கதவைத் திறந்து இஞ்சினியர் வெளியே வருகிறார். கூட்டம் அடங்குகிறது.

“சாப்பிட்டீங்களா மருமகன்?” என்கிறார் காக்கா.

“ஓம் மாமா. நாளைக்கு வாய்க்கால் திறப்பம்.”

பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கோஷங்கள் கேட்டுவிட்டேன். சாப்பாடு விசாரித்து முடிந்தது அது ஒன்றுதான்.