நான் ஏற்றிய பெட்டி

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு லாட்ஜில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். சம்பளம் சாப்பாட்டுக்கே சரியாய்ப் போகும். எத்தனை வருஷம் தூக்கினாலும் அதற்கு மேல் போக வழி கிடையாது. எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: பெட்டியை மாடிக்கு ஏற்றியவன்தான் இறக்கணும், டிப்ஸ் அவனுக்கு.

பக்கத்தில் புதுசாய்த் தொழிற்சாலை கட்டிய முதலாளி ஒருவர் பத்து நாள் தங்கினார். அவர் பெட்டியை ஏற்றியது நான். அவர் கிளம்பும் காலையில், கூட வேலை செய்த கன்னியப்பன் வந்து நின்றான்.

"அண்ணே, பையனுக்கு ஜொரம். இன்னிக்கு மட்டும் உன் பெட்டிய நான் எறக்கினு போறேன்."

பாவமாயிருந்தது, சரி என்றேன். பெட்டியோடு அவனும் காரில் ஏறினான். திரும்பி வரவில்லை.

மறுநாள் கவுண்டர்க்காரர் என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னாப்பா, நீ போவலியா? பெட்டி எறக்குற ஆள அப்படியே ஃபேக்டரி வேலைக்குக் கூட்டினு போறேன்னு முதலாளி முந்தாநாளே சொன்னாரே! உன்னாண்ட சொல்லச் சொல்லி கன்னியப்பன்கிட்ட சொன்னேனே!"

அவனை அடிக்கத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். பையன் நிஜமாகவே ஜுரத்தில் கிடந்தான். அவன் சம்சாரம் என்னைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"உங்களுக்கு வந்த வேலய எங்களுக்கு வுட்டுக் குடுத்தீங்களாமே அண்ணா. உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டோம்."

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இத்தனை வருஷமாய் இதை யாரிடமும் சொன்னதில்லை. வேலையை மட்டும்தான் எடுத்துக்கொண்டான் என்று நினைத்துப் போனேன். வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டான், படுபாவி.