செல்விக்கு எழுதிக் கொடுத்த பாட்டு

பபேடான் பேட்டை நடைபாதையில் பழைய சாமான் விற்பவனிடம் இன்று அந்த ரெக்கார்டைப் பார்த்தேன். உறையை முகர்ந்ததும், பூஞ்சை பிடித்த அட்டையின் வாடையோடு, இதே தெருவில் எப்போதோ இடித்துவிட்ட எங்கள் மாடிவீட்டுக் கூடம் திரும்பி வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா ரெக்கார்டைச் சுழலவிடுவார், ஊசி கரகரக்கும், பிறகு இங்கிலாந்துப் பையன்கள் நாலு பேர் கிட்டாரும் டிரம்முமாய், கிழிசலிலும் பட்டினியிலும் வளர்ந்தவன் நான் என்கிற அமெரிக்கப் பாட்டைக் குதூகலமாகப் பாடுவார்கள். மிஷன் பள்ளியில் படித்த எங்களுக்கு அர்த்தம் தெரியும். வெளுத்த துணிகளைக் கொண்டுவரும் செல்விக்குத் தெரியாது. மரப்படியில் அவள் காலடி கேட்டதும் நானும் தங்கையும் அந்தப் பாட்டுக்கே ஊசியை நகர்த்திவைப்போம். ஒட்டுப்போட்ட லுங்கியோடு வாசலில் நின்று, கஞ்சி மணக்கும் மூட்டையை இறக்காமலே தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

“எனக்குன்னே போடுறீங்களாக்கா?”

“ஆமா, உன் பாட்டுதான்.”

அந்த இங்கிலீஷ் வார்த்தைகளை அப்படியே தமிழெழுத்தில் எழுதித் தரச் சொன்னாள். உட்கார்ந்து, ஒரு வரி விடாமல், சிரத்தையாக எழுதிக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் அன்று, கூடம் நிறைய விருந்தாளிகள் பர்மிய மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, அதே லுங்கியைக் கஞ்சிபோட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்து பாடினாள். முதலில் சிரித்தவர் அப்பா. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, முகம் மலர என்னைத்தான் பார்த்தாள்.

“இன்னொரு தடவ பாடு செல்வி,” என்றேன்.

கையிலிருந்த என் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பார்க்காமலே பாடினாள்.