பாட்டில்லாத இடங்கள்

அந்த ரெக்கார்டிங் கடைக்காரர் நல்லவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே திட்டித் தீர்த்திருப்பேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கோப்பைகளில் பூப்படம் ஒட்டும் வேலை எனக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது ஒரு ஜாஸ் சிடி கொண்டுவந்திருந்தார். ஒரு குழு ஸ்டூடியோவில் கூடி உட்கார்ந்து வாசித்த ஆல்பம். சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் அவர் அம்மாவோடு உட்கார்ந்து கேட்பேன். ஒரு பெண் பாடுவாள். இங்கிலீஷ் பாட்டு, எனக்குப் பாதிதான் புரியும். நான் காத்திருந்ததோ அவள் நிறுத்துவதற்காக. நிறுத்தியதும் சாக்ஸபோன் தனியாகக் கிளம்பி, அவள் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லும். நாள் முழுக்க வாய் திறக்காமல் பூ ஒட்டிவிட்டு வருகிறவளுக்கு அது வேண்டியிருந்தது.

லீவு முடிந்தது. சிடி அவரோடு போய்விடும். எங்கள் வீட்டிலோ டேப் ரெக்கார்டர்தான்.

"ஜங்ஷன் ரோட்டுக் கடையில குடு தங்கச்சி, கேசட்ல ஏத்தித் தருவாரு. ரயிலுக்குப் போறப்ப சிடிய நான் வாங்கிக்கிறேன்" என்றார் அண்ணன்.

கொடுத்தேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து நான் கேசட் வாங்கப் போனபோது அண்ணன் சிடியோடு விமானம் ஏறியிருப்பார்.

"நடுநடுவுல பாட்டே இல்லாம வெறும் பீப்பீயா ஓடுதும்மா. உக்காந்து எல்லாத்தையும் வெட்டிட்டேன்" என்றார் கடைக்காரர். அவர் கடை வழக்கம் அது. காசு வாங்கினால் கேசட் முழுக்கப் பாட்டு இருக்க வேண்டும். "மிச்ச எடத்துல புதுப்படப் பாட்டு போட்டிருக்கேன்."

"யாருண்ணே உங்கள வெட்டச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "நல்லாயிருக்கட்டும்னுதானேம்மா செஞ்சேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. பிடித்தவரோ விரல் வலிக்க ரெக்கார்டிங்கை நிறுத்தி நிறுத்திப் பட்டனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். இதற்கு மேல் அவரை என்ன சொல்ல?

வீட்டில் போட்டுப் பார்த்தேன். அவள் பாடினாள், நிறுத்தினாள், மூச்சு இழுத்தாள். சாக்ஸபோன் வர வேண்டிய இடத்தில் டொக்கென்று அடுத்த பாட்டு. ஒவ்வொரு பாட்டிலும் அப்படியே. கேசட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. கடைசியில் ஒரு குத்துப்பாட்டு தொடங்கியதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்பதான்டி கேக்குற மாதிரி இருக்குது. இன்னும் கொஞ்சம் சத்தமா வையி."

வைத்தேன். அந்தச் சத்தத்தில் நான் அழுதது அவளுக்குக் கேட்கவில்லை.