என் மனைவியின் கருமாதிப் பத்திரிகை

2024 ஜூன் 8, சனிக்கிழமை, மாலை நான்கு பத்து. மழை விட்டு, சிங்கப்பூர் தேக்காவில் எங்கள் கடை வாசலின் அஞ்சடி நடைபாதையில் கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் மனைவியின் பதினாறாம் நாள் பத்திரிகையில் எண்பதாவது அட்டையை அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய கடை அது. வாழ்த்து அட்டை, கல்யாணப் பத்திரிகை. காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு இயந்திரம் ஒன்று. பருத்திக் காகிதத்தில் எழுத்து அழுந்திப் பதிய வேண்டும், தடவினால் விரலுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் எங்களிடம் வருவார்கள். யார் யார் வீட்டுப் பெயர்களையோ அவள் சரிபார்த்து உறையில் போட்டிருக்கிறாள். அவள் பெயரை ஒருமுறையும் அச்சடித்ததில்லை.

மகள் வேண்டாம் என்றாள். "வாட்ஸ்அப்ல போட்டா போதும்லா அப்பா. எப்படியும் படிச்சதும் கிழிச்சுப் போடப்போறாங்க."

கருமாதிப் பத்திரிகையை வீட்டில் வைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கையிருப்பிலேயே மிகத் தடித்த அட்டையை எடுத்தேன். கல்யாணத்துக்கே இரண்டு பேர்தான் அதைக் கேட்டிருக்கிறார்கள். கிழிக்க முடியாமலாவது யாராவது வைத்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு வீடு போதும் என்றிருந்தது.

மறுநாள் அவளுடைய அண்ணன் சிராங்கூனிலிருந்து மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், பத்திரிகைகளை உறவுக்காரர்களிடம் சேர்ப்பதற்காக. தன்னுடையதை அங்கேயே படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார். அட்டை வளைந்ததே தவிரக் கிழியவில்லை. முழங்காலில் வைத்தும் அழுத்திப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ள, பத்திரிகை அடிச்சீங்களா, பலகை அடிச்சீங்களா?"

"வச்சுக்கங்களேன் மச்சான். உங்க தங்கச்சி பேருதானே."

"அதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இவ விடமாட்டா."

"என் தலையில போடாதீங்க," என்றார் அவர் மனைவி. "அண்ணே, கத்திரி எங்க இருக்கு? கோழி வெட்டுறது இருந்தா இன்னும் நல்லது."

சமையலறைக்குப் போய் அவரே எடுத்துவந்தார். கத்திரி அவள் பெயரின் நடுவில் போயிற்று.

காரியம் முடிந்த மறுவாரம் புக்கிட் பாத்தோக்கில் மகள் வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் கொடுத்த அட்டையைக் கேட்டேன்.

"ஊற வச்சேன்பா. அரை நாள் வாளியில கிடந்துச்சு. அப்புறந்தான் கிழிஞ்சுச்சு."

"உன் அம்மா பேரும்மா அது."

"அம்மாவே வர்ற கருமாதிப் பத்திரிகைய எல்லாம் வாசல்லயே கிழிச்சுப் போடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா? கிழிக்கிறப்ப எனக்கு மட்டும் நல்லா இருந்துச்சா?"

பேரப்பிள்ளைகளிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். அதன்பிறகு வெட்கத்தை விட்டு மேலும் பதினொரு வீட்டில் கேட்டேன். ஒன்றிலும் இல்லை. ஒருவர் தோட்டத்து வெட்டுக்கத்தியைப் பயன்படுத்தினாராம். அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்.

எண்பதில் மிஞ்சியது ஒன்று. அதைக் கடையில், மாதிரி அட்டைகள் வைக்கும் அலமாரியின் நடுத்தட்டில் நிறுத்தினேன்.

ஆகஸ்ட் கடைசியில், முன்பணம் கொடுத்திருந்த கல்யாண வீட்டு அம்மா ஒருவர், மாதிரிப் படி பார்க்கத் தம் மகளோடு வந்தார். நானூறு பத்திரிகை. உட்காரப் போனவர், அலமாரியில் அந்த அட்டையின் கறுப்பு விளிம்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஐயா, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடத்துல இதை வைக்கலாமா?"

"என் மனைவிங்க."

"தெரியும்யா, பாவம், நல்ல மனுஷி. நாங்க இருக்கிற வரைக்கும் கொஞ்சம் உள்ள எடுத்து வச்சிடுங்களேன்."

"அம்மா, ஓகேலா, விடுங்க," என்றாள் மணப்பெண்.

"நீ சும்மா இரு. உன் கல்யாணம்டி இது."

பத்து நிமிடம் அதை இழுப்பறைக்குள் வைத்திருக்கலாம். அவளைக் கண்ணில் படாமல் ஒதுக்கிவிட இந்த ஊரில் ஏற்கெனவே எழுபத்தொன்பது பேர் இருந்தார்கள். எண்பதாவது ஆளாக என்னால் முடியவில்லை. முன்பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா எண்ணிப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு மகளை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

அட்டை, அச்சுத் தகடு, மை 612 சிங்கப்பூர் வெள்ளி. கைவிட்டுப் போன நானூறு பத்திரிகை, ஒன்று ஒன்பது வெள்ளி வீதம் 3,600. அந்த ஓர் அட்டையை அங்கே நிறுத்தி வைக்க, ஆக மொத்தம் 4,212 வெள்ளி.