வீட்டுக்குள் பாடச் சொன்னேன்

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பழங்குடிப் பாடல்கள் சேகரிக்கப் பச்சைமலைக்குப் போயிருந்தேன். ஒரு பெண்ணிடம் ஒப்பாரி பாடச் சொன்னேன்.

“சாவு விழாத வீட்டுல அதப் பாடக்கூடாதுங்க. ஓடைப் பக்கம் வாங்க, பாடுறேன்” என்றார்.

“வெளியில பதிவு பண்ணினா காத்து சத்தம் விழும்மா. ஆராய்ச்சிக்குத்தானே, இங்கேயே பாடுங்க.”

காலேஜிலிருந்து வந்தவனிடம் மறுத்துப் பேச அவருக்குத் தயக்கம். தூளியில் கிடந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து பாடினார்.

ஸ்ரீரங்கம் திரும்பியதும், கேட்டு எழுதுவதற்காகப் பதிவைப் போட்டேன். மனைவி பதறி ஓடிவந்தாள்.

“கொழந்தை தூங்கறச்சே ஆத்துல ஒப்பாரியா? நிறுத்துங்கோ!”

சட்டென்று நிறுத்தினேன். ‘ஆராய்ச்சிக்குத்தானே’ என்று இவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

மன்னிப்புக் கேட்க மறுபடி மலையேறினேன். வாசலில் என்னைப் பார்த்ததும், “உள்ள வாங்க” என்றார் அந்தப் பெண்.

எனக்குக் கால் எழவில்லை.