தள்ளியதும் தல்லியதும்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் நான் தினமும் காலையில் தேநீர் குடிக்கும் கடையின் சந்திரேட்டன், என்னைப் பார்த்ததும் அரை நொடி தயங்குவார். கோயம்புத்தூர் லாரிக்காரர்களிடம் "சக்கரை கம்மிங்களா" என்பார். பாலக்காட்டுக்காரர்களிடம் மலையாளம். என் முகம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பது மூன்று வருடமாகியும் அவருக்குப் பிடிபடவில்லை. இடுக்கி மலையில், சித்திரபுரத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன் நான். ரேஷன் அட்டை கேரளத்துடையது, வாய் தமிழ். அந்தத் திங்கட்கிழமை அவர் தயங்கவே இல்லை. நேராக இந்தியில், "சாய் சாஹியே?" என்றார். அவர் தலைக்கு மேலிருந்த தொலைக்காட்சியில், முந்தின நாள் கொச்சியில் கால்பந்து ஆட்டம் முடிந்ததும் நடந்த கலவரம் ஓடிக்கொண்டிருந்தது. பிடுங்கி எறிந்த நாற்காலிகள், சாய்ந்து கிடக்கும் இரும்புத் தடுப்பு, ஜோடி தொலைந்த செருப்புகள். கீழே ஓடிய வரியில், வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குப் பங்கு உண்டா என்று ஒரு கேள்வி. எங்கோ ஒரு நடுவர் கொடுத்த கடைசி நிமிட கோல், இங்கே ஒரு தேநீர்க்கடையில் என் மொழியை மாற்றிவிட்டது. எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். இந்தக் கலவரத்தைப் பற்றி யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தால் என்ன?

மலையில் நடக்கும் கால்பந்துப் போட்டிகளுக்காக இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறேன். மலைக்காரர்களான உங்களில் பலர் அதைப் பார்ப்பவர்கள்தான். நடத்துவது யார் என்று தெரிந்திருக்காது, ஏனென்றால் அதில் என் பெயர் இல்லை. அன்று வேலை தொடங்கும் முன்பே இரண்டு பேரைப் பேச வைத்துவிட்டேன். நான் தரப்பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் சூப்பர்வைசர், எல்லாவற்றுக்கும் கஞ்சாதான் காரணம் என்றார். கேமராவை அணைத்த பிறகு, கஞ்சா எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறாய், உங்கள் மலையிலிருந்துதானே என்றும் சேர்த்துக்கொண்டார். கடைசல் இயந்திரத்தில் நிற்கும் பழனிச்சாமி அண்ணன் வேலந்தாவளத்துக்காரர், கொங்குத் தமிழ். "ஒரு பந்துக்கு ஏனுங்க தம்பி இத்தன ரவுசு? ஆளுக்கொண்ணு வாங்கிக் குடுத்துட்டா ஊடு போய்ச் சேருவாங்களல்லங்க" என்றார். பீகாரிலிருந்து வந்து கூட்டமாகத் தங்கியிருப்பவர்களின் கட்டடத்துக்குப் போனேன். கேமராவைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எஸ்டேட்டிலிருந்து அப்பா கூப்பிட்டார். கலவரத்தைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கடைசி நிமிட கோல் ஆஃப்சைடா இல்லையா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அப்பாவின் கேள்வி எனக்குப் புரிந்தது. எங்கள் மைதானம் சரிவில் இருக்கிறது. கீழ்ப்பக்க கோலுக்கு அடிப்பவனுக்கு மலையும் சேர்ந்து விளையாடும் என்பதால் இடைவேளையில் பக்கம் மாற்றுவதில் ஒரு நிமிடம் முன்பின் ஆனாலும் சண்டை வரும். பந்து தேயிலைக்குள் உருண்டுவிட்டால் இரண்டு அணியும் சேர்ந்து தேடும். மூடுபனி இறங்கினால் அப்படியே நின்று, எதிரில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்போம். அடிதடியும் உண்டு. மூக்கு உடைந்திருக்கிறது. ஆனால் உடைத்தவன் இன்னாருடைய மகன், இந்த லயத்து வரிசை வீடு, இத்தனையாவது கதவு என்று எல்லோருக்கும் தெரியும். அடித்தவன் எந்த மாநிலத்தான் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. கஞ்சிக்கோட்டுக்கு வந்தபின்தான் அந்தக் கேள்வி, முகம் தெரிவதற்கு முன்னாலேயே வந்து நிற்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த மைதானத்தில் எனக்கு இடதுபக்கம் ஓடியவன் செல்வம். அடுத்த லயம். இங்கே ஒரு குழாய்த் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கொச்சி போயிருந்தான். திங்கட்கிழமை மதியம், கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நீலமாக வீங்கி வந்து நின்றான். அவனை அங்கேயே, எங்கள் கேன்டீன் சுவரோரம் நிறுத்திப் பேச வைத்தேன். அவன் சொன்னது மூன்று வாக்கியம். "தடுப்புக்கு அடியில ஒரு போலீஸ்காரரு மாட்டிக்கிட்டாரு மாப்ள. நான் அவரத் தல்லி விட்டேன். இல்லன்னா மிதிச்சே கொன்னுருப்பானுக."

'தல்லி' என்றுதான் சொன்னான். நம் மலையில் ளகரமும் லகரமும் ஒரே நாக்கில் புரள்பவை என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளம் நமக்குப் பல்லம், வெள்ளம் வெல்லம். நம் காதும் அப்படியே பழகிவிட்டது. உணவு இடைவேளை முடியப் பத்து நிமிடம் இருந்தது. படம் சுருக்கென்று இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. முதல் வாக்கியத்தை வெட்டினேன், மூன்றாவதையும் வெட்டினேன். நடுவில் இருந்ததுதான் விறுவிறுப்பாக இருந்தது. மலையாளிகளும் பார்க்கட்டும் என்று அடியில் மலையாள எழுத்தில் நானே தட்டினேன், 'போலீசுகாரனெ தல்லி' என்று. மலையாளத்தில் தள்ளி என்றால் நமக்குள்ள அதே பொருள். தல்லி என்றால் அடித்து. 'தள்ளி மாற்றி' என்று இன்னொரு சொல்லைச் சேர்த்திருந்தால்கூட யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. என் விரல், என் வாய் எப்படிச் சொல்லுமோ அப்படியே எழுதிவிட்டது. போலீஸ்காரரைக் காப்பாற்றியவனைப் போலீஸ்காரரை அடித்தவனாக்கி, பக்கத்தில் ஏற்றிவிட்டு, கைகழுவி வேலைக்குத் திரும்பினேன்.

வேலை முடிந்து பார்த்தபோது அது என் கையைவிட்டுப் போயிருந்தது. அழித்தேன், என்னிடம் இல்லாமல் போனதே தவிர மற்றவர்களிடம் இருந்தது. மலையாளப் பக்கங்களில் தமிழனை ஏசும் சொல்லான பாண்டி என்றார்கள், இவனை ஊருக்குத் திருப்பி அனுப்பு என்றார்கள். எந்த ஊருக்கு? மூன்றாம் தலைமுறையாக அவன் குடும்பம் கொழுந்து பறிப்பது இதே மாநிலத்தில்தான். அதைவிட மோசமானது எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஆதரவு. கேரளப் போலீஸை அடித்த தமிழன் என்று பறை இசை போட்டு, செல்வத்தின் முகத்தைச் சுற்றி நெருப்பு எரியவிட்டிருந்தார்கள். பழனிச்சாமி அண்ணன்கூட அதை என்னிடம் காட்டி, "உங்கூட்டாளிங்களா? நெஞ்சழுத்தக்காரனுங்க" என்றார், பெருமையாக. அவன் அடிக்கவில்லை அண்ணா என்றேன். பயப்படாதீங்க தம்பி, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். திட்டுபவர்களும் புகழ்பவர்களும் ஒரே பொய்யை நம்பினார்கள். நான் யாரிடம் போய் எதை மறுப்பது?

செவ்வாய்க்கிழமை ஒப்பந்தக்காரர், போலீஸ் விவகாரம் முடியாமல் கேட்டுக்குள் வராதே என்று செல்வத்திடம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். அவன் அம்மா அடுத்த மாதம் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். வீட்டில் வேறு யாரும் எஸ்டேட்டில் வேலை பார்க்கவில்லையென்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அம்மாவை இங்கே கூட்டி வர ஓர் அறை பேசி வைத்திருந்தான். வேலை இல்லாதவனுக்கு வீட்டுக்காரர் அறை தருவாரா என்பது இருக்கட்டும். கைதானால் அந்த அம்மா எந்தக் கதவைத் தட்டுவார்?

புதன்கிழமை காலை ஸ்டேஷனுக்கு அழைத்திருந்தார்கள். எனக்கு மலையாளம் நன்றாக வரும் என்று துணைக்குப் போனேன். எஸ்.ஐ. வயதில் எங்களைவிட அதிகம் மூத்தவர் இல்லை, கடுமையாகவும் பேசவில்லை. நாடு எங்கே என்று செல்வத்திடம் கேட்டார். அங்கே நாடு என்றால் ஊர்.

"சித்திரபுரம், சார்."

"அதல்ல. சரிக்கும் நாடு?"

செல்வம் என்னைப் பார்த்தான். உண்மையான ஊர் என்று கேட்கிறார் என்றேன். அவன் மறுபடியும் சித்திரபுரம் என்றான். எஸ்.ஐ. பெருமூச்சு விட்டுத் தாளில் ஏதோ எழுதினார். நான் குறுக்கே புகுந்து விளக்கத் தொடங்கினேன். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்தான். தல்லவில்லை, தள்ளினான். ஆனால் அந்த மேசைக்கு முன் என் நாக்கு மலை ஏறிவிட்டது.

"சார், அவன் தல்லியிட்டில்ல. தல்லியதா."

அடிக்கவில்லை, அடித்ததுதான் என்று அவர் காதில் விழுந்திருக்கும். அவர் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "தல்லியிட்டில்ல, தல்லியதா. கொள்ளாமல்லோ." நன்றாயிருக்கிறதே என்று பொருள். பின்னால் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். இன்னொரு முறை சொன்னேன், அதுவும் அப்படியே வந்தது. காகிதம் கேட்டு வாங்கி, இரண்டு சொல்லையும் மலையாளத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன். அவன் முன்னும் பின்னும் சொன்னதை வெட்டியிருக்கிறது என்றும் சொன்னேன். எஸ்.ஐ. சிரிப்பை நிறுத்தினார். காகிதத்தைப் பார்த்தார், கைபேசியில் படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். வித்தியாசம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் படத்தில் அடித்தான் என்ற எழுத்துதானே இருக்கிறது என்றார். காது தவறலாம், எழுதியவனுக்குத் தெரியாமலா இருக்கும்? எழுதியவன் வந்து, அது என் பிழை, முன்னும் பின்னும் வெட்டியதும் நான்தான் என்று எழுத்தில் கொடுத்தால் இதில் பாதி தீர்ந்துவிடும் என்றார். பிறகு, இதைப் போட்டது யார் என்று கேட்டார்.

"இது இட்டது ஆரா?"

செல்வம் உடனே சொன்னான். "அறியில்ல, சார்."

தெரியாது என்றான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் துணைக்கு வந்த மொழிபெயர்ப்பாளன். அந்த இரண்டு சொல்லை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நான் ஏன் பேசவில்லை என்பதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. அதே ஸ்டேஷனில் என் பாஸ்போர்ட் விசாரணை நிலுவையில் இருக்கிறது. போலந்தில் ஒரு வேலைக்கு நேர்காணல் முடித்து வைத்திருக்கிறேன். கலவர நேரத்தில் பொய்ச் செய்தி பரப்பியவன் என்று ஒரு வரி விழுந்தால் அது போனது. வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லி, செல்வத்தின் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். பஸ் நிறுத்தத்தில் அவனிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"பின்ன? ஒன்னையும் உள்ள தூக்கி வெச்சா எனக்கு யாருடா மலையாளம் பேசுவா?" என்றான். "நீ பேசுற லட்சணம் வேற."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நீலம் பூத்த கையை மார்போடு வைத்துக்கொண்டு, வரும் பஸ்ஸின் பலகையை எட்டிப் பார்த்தான். எனக்காகச் சொன்ன பொய்யைக் கடன் போலக்கூட அவன் நினைக்கவில்லை. மைதானத்தில் இடதுபக்கம் ஓடிக்கொண்டே பந்தை எனக்குத் தள்ளிவிடுவதைப் போலத்தான் செய்திருக்கிறான்.

இன்று வியாழக்கிழமை. அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அறையில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதியிருக்கிறேன். ஸ்டேஷனுக்காக மலையாளத்தில் ஒருபுறம். செல்வம் படித்துப் பார்த்து, தான் சொன்னது இதுதான் என்று கையெழுத்திட மறுபுறம் தமிழில். தாள் மெலிது, மை ஊறிவிட்டது. தமிழ்ப் பக்கத்தைப் பிடித்தால் மலையாள எழுத்துகள் கண்ணாடியில் போலத் திரும்பி வரிகளுக்கு நடுவே தெரிகின்றன. திருப்பினால் தமிழ் தெரிகிறது. எந்தப் பக்கமும் தனியாகப் படிக்கும்படி இல்லை. வேறு தாளில் எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இப்படியே கொண்டு போகிறேன். நாளை காலை ஒன்பதரைக்கு ஸ்டேஷன். எழுதியது நான், வெட்டியது நான் என்று முதலில் சொல்வேன். அந்த வாக்கியத்தில் எனக்கு வராத எழுத்து ஏதும் இல்லை. அதன்பின் என்னை வெளியே விட்டால், மதிய ரயிலில் கொச்சி. தடுப்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட போலீஸ்காரருக்கு நரைத்த மீசை, இடது கன்னத்தில் மரு என்று செல்வம் சொல்லியிருக்கிறான். அவரைத் தேடிப் பார்க்கப் போகிறேன்.